வி8 இல்லாத சார்ஜர்: ஆறு சிலிண்டரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: "டாட்ஜ் சேலஞ்சர் நின்றதிலிருந்து புதிய சார்ஜருக்காகக் காத்திருக்கிறேன். கடைசியில் ஆறு சிலிண்டரும் பேட்டரியும்தான் வந்திருக்கின்றன. எட்டு சிலிண்டர் வி8 இல்லாததை மசில் கார் என்று சொல்லலாமா? எந்த எஞ்சின் எடுப்பது? வடிவமைப்பில் என்ன எதிர்பார்க்கலாம்? இல்லை, ஹெமி என்ற பழைய வி8 எஞ்சின் திரும்பி வரும்வரை பொறுத்திருப்பதா?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். காசு என்னுடையதாக இருந்தால் 550 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் சார்ஜரை, அதாவது சிக்ஸ்பேக் ஸ்காட் பேக்கை எடுப்பேன். எஞ்சின் சத்தம்தான் உங்களுக்கு உயிர் என்றால் சார்ஜரை மறந்துவிட்டு ஃபோர்டின் வி8 காரான மஸ்டாங் ஜிடி வாங்குங்கள். ஹெமிக்காகக் காத்திருக்க மாட்டேன்.

மசில் காருக்கு வி8 வேண்டுமா என்ற கேள்விக்கு, அந்த வகை பிறந்த கதையிலேயே பதில் இருக்கிறது. 1963-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை தன் பிரிவுகளைப் பந்தயத்திலிருந்து விலகச் சொன்னது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் ஜீ ஆகிய பொறியாளர்கள் அந்த விதியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். விதி தனி மாடலுக்குத்தான். வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் கூடுதல் பொருத்தத்துக்கு அல்ல. பெரிய பான்டியாக்கில் இருந்த 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டர், டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதாரணக் காரில் 295 டாலர் கூடுதல் பொருத்தமாக விற்றார்கள். பெயர் ஜிடிஓ. 5,000 கார் போனால் போதும் என்று நினைத்தார்கள். 1964 மாடலில் மட்டும் 32,450 விற்றது.

வீட்டுக்கார், அதற்குக் கொஞ்சம் அதிகமான எஞ்சின், இளைஞன் மாதத் தவணையில் வாங்கக்கூடிய விலை. இவ்வளவுதான் சூத்திரம். அதில் வி8 நுழைந்ததற்குக் காரணம், அன்றைக்கு டெட்ராய்ட் அலமாரியில் கைக்கு எட்டிய பெரிய எஞ்சின் அதுதான் என்பதே.

ஆறு சிலிண்டர் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கையும் நினைவுபடுத்துகிறேன். 1987-ல் ப்யூக் 547 ஜிஎன்எக்ஸ் கார்கள் செய்தது. 3.8 லிட்டர் வி6, வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவோடு, காகிதத்தில் 276 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய வி8 எல்லாம் புகைக் கட்டுப்பாட்டில் இளைத்துப் போயிருந்தன. இந்தக் கறுப்புப் பெட்டி நேர்கோட்டில் அன்றைய ஷெவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரையே பின்னால் தள்ளியது. இன்று ஏலத்தில் அதன் விலையைப் பாருங்கள். அதை மசில் கார் இல்லை என்று சொல்லும் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, புதிய எஞ்சினுக்கு வருவோம். பெயர் ஹரிகேன். 3 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, இரண்டு டர்போ. 2022-ல் ஜீப் வேகனியரில் அறிமுகமாகி, ராம் டிரக்குக்குப் போய், இப்போது சார்ஜருக்கு வந்திருக்கிறது. அதாவது நீங்கள் சோதனை எலி இல்லை. ஆர்/டி என்ற கீழ்நிலை காரில் 420 குதிரைத்திறன், ஸ்காட் பேக்கில் 550. ஸ்காட் பேக்கின் டார்க், அதாவது சுழற்றும் விசை, 720 நியூட்டன் மீட்டர் அளவு. பழைய சேலஞ்சர் ஸ்காட் பேக்கில் இருந்த 6.4 லிட்டர் ஹெமி 485 குதிரைத்திறனும் சுமார் 644 நியூட்டன் மீட்டரும் தந்தது. பாதிக்கும் குறைவான கொள்ளளவில் புதியது இரண்டிலும் முந்துகிறது.

இந்த எண்களைவிட முக்கியமானது, டார்க் எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பது. டர்போ இல்லாத ஹெமி முழு இழுவையைக் காட்ட நான்காயிரம் சுற்றைத் தாண்ட வேண்டும். ஹரிகேனில் மூன்று சிலிண்டருக்கு ஒரு டர்போ. ஒவ்வொன்றும் சிறியது என்பதால் சீக்கிரம் சுழன்றுவிடும், இழுவை கீழேயே தொடங்கிவிடும். சிக்னல் பச்சை விழுந்து முதல் ஐம்பது அடியில் முதுகு சீட்டில் ஒட்டுகிறதே, மசில் காரின் மொத்த இன்பமும் அதுதான். அதை இந்த எஞ்சின் நன்றாகவே கொடுக்கிறது. ஸ்காட் பேக் 60 மைல் வேகத்தை 3.9 நொடியில் தொடும், கால் மைலை 12.2 நொடியில் முடிக்கும் என்கிறது டாட்ஜ். இதில் நான்கு சக்கர இழுவைக்கும் பங்கு உண்டு. அது எல்லா சிக்ஸ்பேக்கிலும் வருகிறது. வேண்டாம் என்றால் ஒரு பொத்தானில் சக்தி முழுவதையும் பின்சக்கரத்துக்கே அனுப்பி டயரைப் புகைய விடலாம். அமெரிக்காவின் வடக்கு மாநிலத்தில் இருப்பவராக இருந்தால், டிசம்பரிலிருந்து மார்ச் வரை காரை ஷெட்டில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. பழைய வி8 சேலஞ்சர்காரர்களுக்கு இந்த வசதி கிடைக்கவே இல்லை.

சிக்ஸ்பேக் என்ற பெயரைப் பற்றிச் சிறு இடைச்செருகல். 1969-ல் டாட்ஜ் 440 கன அங்குல வி8-ன் மேல் மூன்று கார்புரேட்டர் வைத்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய், மொத்தம் ஆறு. அதனால் சிக்ஸ் பேக். இன்று அதே பெயர் ஆறு சிலிண்டரைக் குறிக்கிறது. பெயர் வைத்தவர் கெட்டிக்காரர், கொஞ்சம் குறும்பும் உள்ளவர்.

சத்தம் விஷயத்தில் மட்டும் உங்களைச் சமாதானப்படுத்த என்னால் முடியாது. அமெரிக்க வி8-ன் குமுறலுக்குக் காரணம் சிலிண்டர் எண்ணிக்கை மட்டுமல்ல, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்ஷாஃப்ட் தண்டின் அமைப்பு. அதை முனையிலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். மொத்தமாகப் பார்த்தால் எட்டு சிலிண்டரும் 90 டிகிரிக்கு ஒன்றாகச் சீராகத்தான் வெடிக்கின்றன. ஆனால் இடப்பக்க நான்கையும் வலப்பக்க நான்கையும் தனித்தனியாகக் கேட்டால் இடைவெளி 90, 180, 270, 180 என்று முன்னும் பின்னுமாக இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி சைலன்சர் குழாய் என்பதால் அந்த ஒழுங்கின்மை அப்படியே காதுக்கு வருகிறது. வரிசை ஆறில் இது நடக்காது. 120 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, டர்போ சக்கரம் அந்தக் கொஞ்ச நஞ்சத் துடிப்பையும் மழித்துவிடும். வி8 தவில் அடி என்றால் இது ஒத்து ஊதுவது. அழகான ஒலிதான், பிஎம்டபிள்யூ இந்த வரிசை ஆறை வைத்தே பல தலைமுறை விசிறிகளைச் சேர்த்தது. ஆனால் தூங்கும் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பும் குரல் அது இல்லை. எத்தனை வால்வு வைத்த சைலன்சர் போட்டாலும் வெடிப்பு வரிசையை மாற்ற முடியாது.

என் உண்மையான குறை எஞ்சினில் இல்லை, எடையில் இருக்கிறது. இணையத்தில் எல்லோரும் சிலிண்டரை எண்ணிக்கொண்டிருக்க, தராசை யாரும் பார்ப்பதில்லை.

1964 ஜிடிஓ சுமார் 1,600 கிலோ. இன்றைய மஸ்டாங் ஜிடி 1,750-ஐ ஒட்டி. புதிய சிக்ஸ்பேக் ஸ்காட் பேக் 2,200 கிலோவை நெருங்குகிறது. பேட்டரியில் ஓடும் சார்ஜரான டேடோனா ஸ்காட் பேக் 2,648 கிலோ; சில பிக்கப் டிரக்குகளே இதைவிட லேசு. இதற்குக் காரணம் அடித்தளம். எஸ்டிஎல்ஏ லார்ஜ் என்ற அந்த மேடை பேட்டரி, பெட்ரோல் இரண்டையும் தாங்கும்படி வரையப்பட்டது. 100 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள பேட்டரியை ஏந்த வேண்டிய தரை, பேட்டரி இல்லாதபோதும் அதே அகலத்தோடும் அதே உறுதியோடும்தான் இருக்கும். கார் 5.2 மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். பந்திக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்று அண்டா வாங்கிவிட்டு, நாலு பேருக்குச் சாம்பார் வைப்பது போல.

நேர்கோட்டில் இந்த எடையை டார்க் மறைத்துவிடும். வளைவில் மறைக்காது. டயர், பிரேக் தேய்மானத்திலும் தெரியும். 550 குதிரைத்திறனை 2,200 கிலோவால் வகுத்தால் டன்னுக்கு 250 வருகிறது. மஸ்டாங் ஜிடியின் 480-ஐ 1,750-ஆல் வகுத்தால் 274. குறைந்த எண் உள்ள கார் முதலில் பாய்வதற்குக் காரணம் நான்கு சக்கரப் பிடிப்பும் டர்போவின் ஆரம்ப இழுவையும்தான். வேகம் ஏற ஏற மஸ்டாங் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

பேட்டரி டேடோனாவைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 670 குதிரைத்திறன், 60 மைல் வேகத்துக்கு 3.3 நொடி. வேகத்தில் குறையே இல்லை. ஒரு முழு சார்ஜில் ஸ்காட் பேக் போவது சுமார் 240 மைல். பந்தயத் தளத்துக்கான டயர், பிரேக் பொருத்தத்தை எடுத்தால் இன்னும் குறையும். காரின் பின்புறத்தில் ஒலி அறைகள் வைத்து, 126 டெசிபல் வரை உறுமும்படி செய்திருக்கிறார்கள். அதற்கு ஃப்ராட்சோனிக் என்று பெயர். 1962 முதல் 1976 வரை டாட்ஜ் பயன்படுத்திய ஃப்ராட்சாக் என்ற முக்கோணச் சின்னத்திலிருந்து எடுத்தது. பொறியியலாக அது சுவையான வேலை. ஆனால் மின்காரை விரும்புகிறவருக்கு அந்த உறுமல் தொல்லை, வி8-ஐ விரும்புகிறவருக்கு அது பொம்மை. யாருக்காகச் செய்தார்கள் என்பது சந்தையிலும் தெரிந்துவிட்டது: 496 குதிரைத்திறன் கொண்ட டேடோனா ஆர்/டி-யை 2026 மாடல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 30-உடன் மின்கார்களுக்கான 7,500 டாலர் மத்திய வரிச்சலுகையும் முடிந்தது. பயன்படுத்திய டேடோனா மலிவாகக் கிடைத்து, வீட்டிலேயே சார்ஜ் ஏற்றும் வசதியும் இருந்தால் யோசிக்கலாம். புதிதாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

இனி ஹெமி. பெயர் வெடிப்பறையின் அரைக்கோள வடிவத்திலிருந்து வந்தது. வால்வுகளை எதிரெதிரே சாய்த்து வைக்கலாம், பெரிதாகவும் வைக்கலாம், காற்று தடையில்லாமல் போய்வரும். 1964 டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி இதன் 426 கன அங்குல வடிவத்தை வைத்து ஜெயித்தார். 1966-ல் தெருக்காருக்கு வந்தபோது அறிவித்த சக்தி 425 குதிரைத்திறன். அதன் உருவத்தைப் பார்த்து யானை என்று பட்டப்பெயரே வைத்தார்கள். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது ஹெமி விஷயத்தில் அப்படியே பலித்தது. கடைசியாக 2023-ல் வந்த சேலஞ்சர் டீமன் 170, எத்தனால் கலந்த ஈ85 எரிபொருளில் 1,025 குதிரைத்திறன் காட்டிவிட்டுத்தான் விடைபெற்றது. அந்த டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் சேலஞ்சர் உற்பத்தி நின்றது.

அப்போது ஹெமியை அனுப்பியது பொறியாளர்கள் இல்லை, கணக்காளர்கள். நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அமெரிக்க அரசுக்கு அபராதம் கட்ட வேண்டும். ஒவ்வொரு வி8-க்கும் பின்னால் அந்தச் செலவு ஒளிந்திருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்த அபராதத்தைச் சுழியம் ஆக்கிவிட்டது. அதற்கு முந்தைய மாதமே ராம் 1500 டிரக்கில் 5.7 லிட்டர் ஹெமி திரும்பி வருவதாக அறிவித்தார்கள். முதல் நாளிலேயே பத்தாயிரத்துக்கு மேல் ஆர்டர் குவிந்ததாக நிறுவனமே பெருமையாகச் சொன்னது. டாட்ஜின் அதிவேக வி8 வகையான ஹெல்கேட் கார்களுக்குப் பின்னால் நின்ற நிறுவன அதிகாரி டிம் குனிஸ்கிஸ் 2024-ல் ஓய்வு பெற்றுப் போய், அதே வருடக் கடைசியில் திரும்பி வந்ததும் தற்செயல் இல்லை.

ஆகவே சார்ஜரில் ஹெமி வந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. ஆனாலும் நான் காத்திருக்க மாட்டேன் என்றதற்குக் காரணம் இருக்கிறது. ஹரிகேனின் பிளாக் அலுமினியம், ஹெமியின் பிளாக் வார்ப்பிரும்பு. ஏற்கெனவே கனமான காரின் மூக்கில் இன்னும் கொஞ்சம் கனம் ஏறும். டர்போ இல்லாத 5.7-ஐயோ 6.4-ஐயோ வைத்தால் சிக்ஸ்பேக்கைவிட மெதுவான காருக்கு அதிக விலை கேட்க வேண்டியிருக்கும். எஞ்சினே சுழற்றிக் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்த 6.2 வந்தால் வேகம் இருக்கும், ஆனால் விலை ஜிடிஓ-வின் சூத்திரத்தை விட்டு ரொம்ப தூரம் போய்விடும். முதல் வருடக் கார்களுக்கு டீலர்கள் பட்டியல் விலைக்கு மேல் வைக்கும் தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சிக்ஸ்பேக் மாடல்களின் அறிமுக விலை, இரண்டு கதவுக்கு, ஆர்/டி 49,995 டாலர், ஸ்காட் பேக் 54,995. கொண்டுவரும் கட்டணம் தனி. ஐந்தாயிரம் வித்தியாசத்தில் 130 குதிரைத்திறன் என்பதால்தான் ஆர்/டி-யை நான் பரிந்துரைக்கவே இல்லை.

வடிவமைப்பில் எனக்குப் பெரும்பாலும் பாராட்டுதான். 2005 மஸ்டாங், 2008 சேலஞ்சர், அடுத்து வந்த ஷெவர்லே கமாரோ, மூன்றுமே தாத்தாவின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை. அந்த வழியில் ஒரு தலைமுறைதான் போக முடியும். அடுத்த முறை எதைப் பார்த்து வரைவது? புதிய சார்ஜர் 1968 காரின் அளவையும் நிற்கும் தோரணையையும் எடுத்துக்கொண்டு, கோடுகளைக் குறைத்திருக்கிறது. நீளமான தட்டையான பானட், முன்னும் பின்னும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும் விளக்கு, பக்கத்தில் தேவையில்லாத மடிப்பு எதுவும் இல்லை. கூரைக்கோடு வழிந்து இறங்கும் இடத்தில் டிக்கி இருப்பதாகத் தெரியும், திறந்தால் கண்ணாடியோடு சேர்ந்து முழுக் கதவும் மேலே எழும்பும். பின்சீட்டை மடித்தால் ஒரு சின்ன மேசையே உள்ளே போகும். குடும்பஸ்தருக்கு நான்கு கதவு உடலும் உண்டு. 1966-ல் வந்த முதல் சார்ஜருக்கும் சாய்ந்த கூரையும் மடக்கும் பின்சீட்டும் இருந்தன என்பதால் இதை மரபு மீறல் என்று சொல்வதும் சரியில்லை.

பேட்டரி காரின் மூக்கில் காற்று உள்ளே புகுந்து பானட்டின் மேல் வெளியேறும் ஒரு திறப்பு இருக்கிறது. 1969 சார்ஜர் டேடோனாவின் நினைவாக வைத்தது. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பின் விதிக்காக ஐந்நூற்றுச் சொச்சம் மட்டுமே செய்த அந்தக் காரின் நீண்ட மூக்கும் உயரமான இறக்கையும் சும்மா இல்லை. அதே வகைக் காரில்தான் 1970 மார்ச்சில் டல்லடேகா தளத்தில் பட்டி பேக்கர் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். உள்ளே உட்கார்ந்தால் என் பாராட்டு கொஞ்சம் குறைகிறது. திரை பெரிது, விளக்கு அலங்காரம் அதிகம், கையில் படும் பிளாஸ்டிக் அந்த விலைக்குப் போதாது. கியரை நீங்களே மாற்ற வேண்டும் என்றால் வழியே இல்லை. எட்டு வேக ஆட்டோமேட்டிக் மட்டும்தான்.

அந்த இடத்தில்தான் மஸ்டாங் வருகிறது. கமாரோவும் 2023 டிசம்பரோடு நின்றுவிட்டது என்பதால் டெட்ராய்ட் பழைய மூவரில் வி8-ஐயும் கிளட்சையும் சேர்த்துத் தருவது இப்போது இது ஒன்றுதான். 5 லிட்டர், 480 குதிரைத்திறன், ஆறு வேகக் கை கியர், 50,000 டாலருக்குக் கீழே தொடங்கும் விலை. அளவு சின்னது, பின்சீட்டு பெயருக்குத்தான். தனி ஆள், கோடைக்கால வண்டி, காதுக்கு விருந்து என்றால் அதற்கே என் ஓட்டு. தினமும் வேலைக்குப் போக, பனியில் ஓட்ட, பின்னால் இரண்டு பெரியவர்களை உட்கார வைக்க என்றால் சிக்ஸ்பேக்.

ஷோரூமுக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். காரை ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, இறங்கிப் பின்பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அப்புறம் ஓட்டும்போது, மேம்பாலத்து வட்டப் பாதை ஏதாவது ஒன்றில் ஏறி இறங்குங்கள். நேர்சாலையில் விற்பனையாளர் காட்டும் பாய்ச்சலை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரும்பும்போது காரின் எடை தோளில் உறுத்தவில்லை என்றால், இரண்டு கதவு ஸ்காட் பேக்குக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.